குடி போகுமுன்

சென்ற மாதத்தில் ஒரு நாள், தஞ்சாவூர் ஜில்லாவில் நாம் வேலை பார்த்த காலத்தில் நம்மிடம் பாடம் கேட்ட பிள்ளை ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனுக்கு உத்தியோகம் ஆகியிருக்கிறதாம். தாயாரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து சேர வேண்டும். "அம்பத்தூரா, ஆவடியா, பூந்தமல்லியா? ஸார் நன்றாக யோசித்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதி, தானே தயாரித்த ஜாபிதா ஒன்றையும் இணைத்திருந்தான்.

ஜாபிதா வெகு ஒழுங்காக இருந்தது. கணக்கில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே, தொழிற்சாலைக்கு எத்தனை கிலோமீட்டர், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ரயில் உண்டா, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் உண்டா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் நமக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் 2023-ஆம் ஆண்டில் நாமும் இதே மாதிரி ஜாபிதா ஒன்று போட்டோம். அதில் எந்தக் கட்டம் விட்டுப்போயிற்றோ அதே கட்டம் இதிலும் விட்டுப்போயிருந்தது. அது இன்னதென்று பிற்பாடு சொல்லுகிறோம். மேற்கே குடி வர எண்ணியிருக்கும் மற்ற நேயர்களுக்கும் பயன்படக் கூடும் என்பதால், அந்தப் பிள்ளைக்கு எழுத வேண்டிய பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறோம்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்த பெரியவர்கள், 'வாடகைக்கு வீடு பிடித்துப் பார்' என்று சேர்க்காமல் விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறந்த ஊரிலேயே பிழைத்தவர்கள் என்பதுதான் காரணமாயிருக்க வேண்டும். இப்போதோ, படித்த பிள்ளைகள் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் பிழைக்க வேண்டியிருக்கிறது. கல்யாணமாவது ஒரு முறையோடு போகிறது. வீடு பார்க்கும் படலம் நாலைந்து தடவை வருகிறது.

முதலில் அவன் கேட்ட மூன்று ஊர்களைப் பற்றி. பட்டணத்துக்கு மேற்கே இருக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் அதிக ஒற்றுமை கிடையாது. அம்பத்தூரும் ஆவடியும் ரயில் வளர்த்த ஊர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியபோது இந்த மார்க்கமாகத்தான் ஓடிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில்தான் சைக்கிள் செய்தது. 1964-இல் சர்க்கார் தொழிற்பேட்டை ஏற்பட்டது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றி, 1965-இல் 'விஜயந்தா' என்னும் டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. பூந்தமல்லியோ ரயிலைக் காணாத ஊர். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த அந்தப் பழைய ஊரை வளர்த்தது சாலைதான். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையில் சுமார் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் பாதை போடும் வேலையில், பூந்தமல்லிப் பக்கத்தில் முதல் சோதனை ஓட்டம் 2025 மார்ச் மாதத்தில் நடந்தது.

ஆகவே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ போரூர்ப் பக்கமோ வேலைக்குப் போகிறவர்களுக்குப் பூந்தமல்லி பொருத்தமான ஊர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவனுக்கு ரயில் பாதையை ஒட்டி இருப்பதே மேல். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எஸ்டேட்டுக்கு 'அம்பத்தூர்' என்று பெயர் இருப்பதைக் கண்டு அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் உண்டு. அதற்கு முந்திய பட்டரவாக்கம் ஸ்டேஷனே எஸ்டேட்டுக்குப் பக்கம். மேலும், காலை வேளையில் ஜனக்கூட்டம் பட்டணத்தை நோக்கிப் போகிறது. பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் ஏறுகிறவன் அந்தக் கூட்டத்தோடு நசுங்கிக்கொண்டுதான் பட்டரவாக்கம் வந்து இறங்க வேண்டும். கொரட்டூரிலும் வில்லிவாக்கத்திலும் ஏறுகிறவன் எதிர்த் திசையில் வருவதால் உட்காரவும் இடம் கிடைக்கலாம். ஆனால் அங்கே வாடகை அதிகம். வாடகையில் மிச்சம் பிடிப்பதை முழங்காலில் கொடுப்பதா, முழங்காலில் மிச்சம் பிடிப்பதை வாடகையில் கொடுப்பதா என்பது அவரவர் வயதைப் பொறுத்தது.

இந்த அளவுக்கு எல்லாம் நம்முடைய பழைய ஜாபிதாவிலும் இருந்தது. இனி நடந்த கதையைச் சொல்லுகிறோம்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆவடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நமக்கு வேலை கிடைத்தது. ஐந்தாறு நாட்கள் வெயிலில் அலைந்து, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் ஒரு புது நகரில் வீடு பார்த்தோம். தரைத்தளம். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. மாடி ஏற முடியாது. தரையில் பளபளவென்று ஓடு. சமையலறையில் புகை போக்கும் இயந்திரம். வாசலில் கொன்றை மரம் ஒன்று பூத்துக் குலுங்கியது. வாடகை பன்னிரண்டாயிரம். பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் பத்தே நிமிஷம். ஜாபிதாவில் எல்லாக் கட்டத்திலும் நல்ல மார்க்கு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பால் காய்ச்சினோம்.

வந்த அன்றைக்கே அம்மா வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டாப்பா, மழை பெய்தால் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டாள். காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். எந்த ஊருக்குப் போனாலும் வாய்க்கால் எங்கே என்றுதான் முதலில் கேட்பாள். "இது பட்டணம், அம்மா. சாக்கடை கட்டியிருக்கிறார்கள், அதில் போய்விடும்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொன்னோம். நாம் பள்ளிக்கூடத்தில் நடத்துவது பூகோளப் பாடம் என்பதை நேயர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்.

டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி, 'மிக்ஜாம்' புயல் கரைக்கு அப்பால் நின்று கொண்டு விடாமல் மழையைக் கொட்டிய அன்று, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்துவிட்டது. அது எங்கேயும் போகவில்லை. நம் வீட்டுக்குத்தான் வந்தது. விடியற்காலையில் வாசல்படி மறைந்தது. எட்டு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் அளவு. பத்து மணிக்கு முழங்கால். மின்சாரம் நின்றுபோயிற்று. அம்மாவைக் கட்டிலோடு தூக்கிச் சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்தோம். நம்முடைய மகள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். பிற்பகலில் மாடி வீட்டுப் பிள்ளைகள் இருவர் வந்து அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கிச் சென்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்கூட அதுவரையில் நமக்குத் தெரியாது. ஏழு மாதமாக அவர்கள் தலைக்குக் கீழேயே குடியிருந்தோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு, கோடி வீட்டு வாசலில் பூக் கட்டி விற்கும் மூதாட்டி நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "இது ஏரிக்குத் தண்ணி போற வழிங்க, சார். எங்களைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்போமே" என்றாள். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. வீட்டுத் தரகரைக் கேட்டோம், வீட்டுக்காரரைக் கேட்டோம், கைபேசிப் படத்தில் தூரம் அளந்து பார்த்தோம். இருபது வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்கவில்லை.

மேற்குப் பக்கத்து ஊர்களின் பூகோளம் முழுவதும் அந்த மூதாட்டியின் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. இது ஏரிகளின் தேசம். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் அதன் உபரி கொரட்டூர் ஏரிக்கு வர வேண்டும். அது நிறைந்தால் இரட்டை ஏரிக்குப் போக வேண்டும். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி; பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். நம் முன்னோர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இவற்றை வெட்டி, நடுவே வாய்க்கால் விட்டிருந்தார்கள். வாய்க்காலின் மேல் நாம் வீடு கட்டி, அதற்கு 'நகர்' என்று பெயர் வைத்துவிட்டோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை பட்ட பாடு உலகம் அறிந்தது. 2023-இல் அம்பத்தூர் எஸ்டேட்டுத் தொழிற்சாலைகளும் தண்ணீரில் நின்றன. ஊரையும் தெருவையும் கேட்டால் அவையே பதில் சொல்லும். ஏரிக்கரை, கலங்கல், மதகு, தாங்கல் என்ற சொற்களில் ஒன்று தெருப் பெயரில் இருந்தால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு தடவை நின்று விசாரிக்க வேண்டும். பழைய கோயிலும் பழைய தெருவும் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும்.

மழைக் காலத்தில் இப்படி என்றால், கோடைக் காலத்தில் இதற்கு நேர் மாறு. 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு போயின. ஜூலை மாதம் 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு, 50 வாகன்களோடு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் அது வந்தது. அதாவது 1856-இல் முதல் ரயில் ஓடிய அதே மார்க்கம். 1939-இல் சென்னை மேயராக வந்த சத்தியமூர்த்தி, பட்டணத்தின் தாகத்தைத் தீர்ப்பதற்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பாடுபட்டார். 1944-இல் அது கட்டி முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவருடைய பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கத்தின் தரை வெடித்துக் கிடக்க, ரயிலில் தண்ணீர் வந்த காட்சியை எண்ணிப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. ஆகவே வீடு பார்க்கிறவன் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: மே மாதத்தில் இந்தக் குழாயில் என்ன வரும்? டிசம்பர் மாதத்தில் இந்த வாசல்படி வழியாக என்ன வரும்?

இப்போது விட்டுப்போன கட்டத்துக்கு வருகிறோம். நம் ஜாபிதாவில் இருந்த கேள்விகள் எல்லாம் வேலைக்குப் போகிறவனுடைய கேள்விகள். எவ்வளவு தூரம்? எத்தனை நிமிஷம்? வண்டி எங்கே நிறுத்துவது? ஆனால் வேலைக்குப் போகிறவன் வீட்டில் இருக்கும் நேரம் எவ்வளவு? காலையில் போனால் அந்திக்குத்தான் திரும்புகிறான். அதற்குப் பிறகு தூக்கம். பகல் முழுவதும் அந்த வீட்டில் வாழ்கிறவர்கள் தாயாரும் குழந்தையும். தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு நிற்பது, டாக்டர் வீட்டுக்கு நடப்பது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது, பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் அவர்களே. வாடகை கொடுப்பவன் ஒருவன். குடியிருப்பவர்கள் வேறு நால்வர். அந்த நால்வரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நாம் வீடு பிடித்தோம்.

இரண்டாவது வீட்டை அம்மாதான் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரரைத் தரிசிக்கப் போனவள், கோயில் வாசலில் பூ வாங்கும்போதே விசாரணையைத் தொடங்கிவிட்டாள். 2015-இல் தண்ணீர் எத்தனை படி ஏறிற்று, 2023-இல் எத்தனை படி, கிணற்றுத் தண்ணீர் உப்பா தித்திப்பா, ராத்திரி டாக்டர் வேண்டுமானால் யாரிடம் போவீர்கள், பெண்கள் எத்தனை மணி வரையில் தனியாக நடக்கிறார்கள் என்று அவள் கேட்ட கேள்விகள் ஒன்றும் நம் ஜாபிதாவில் இல்லை. பிறகு நம் சகதர்மிணி ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் மிச்சத்தைக் கேட்டு முடித்தாள். நான்கு படி ஏறிப் போகும் பழைய வீடு ஒன்று அகப்பட்டது. பளபளப்பு இல்லை. வாடகை ஆயிரம் ரூபாய் அதிகம். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் என்பது இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நம்மைத் தவிர எல்லோருக்கும் சௌகரியம். அதுதான் சரியான வீடு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

வீடு பார்க்கும்போது நாம் கேட்கும் கேள்விகளைப் பற்றிச் சொன்னோம். நம்மைக் கேட்கும் கேள்வி ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. "நீங்கள் எந்த ஆட்கள்?" என்பதுதான் அது. நம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவருடைய மதம் தெரிந்துவிடும். அவரோடு நாமும் வீடு பார்க்கப் போனோம். தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, நேரில் போனதும் மந்திரம் போட்டாற்போல் நிரம்பிவிடும். ஆறாவது வீட்டு வாசலில் அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "ஸார், வெள்ளத்தின்போது இந்தத் தெருவில் எல்லோரும் ஒரே மாடியில்தான் இருந்தார்களாம்" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் செய்தது இதே ஆவடியில்தான். பந்தலிட்ட இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி கேட்டு மார்க்குப் போடுகிற இரண்டு வாத்தியார்கள், அந்த ஊரிலேயே வீட்டுக்காக ஜாதகம் ஒப்புவித்துக்கொண்டு நின்றோம். சொந்த நாட்டில் ஒருவன் வேலைக்காக ஊர் மாறுவது குற்றமல்லவே! வாடகைக்கு விடுகிறவர்கள், வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா என்று ஆயிரம் கேட்கட்டும். அதற்கு மேல் கேட்பது வீட்டுக்கும் அழகல்ல, நாட்டுக்கும் அழகல்ல.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு வந்தால் குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. 'வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி' என்பதில்தான் சூட்சுமம். பத்து மாதம் என்பார்கள். வீடு கிடைத்தால் போதும் என்று நாமும் தலையை ஆட்டிவிடுவோம். தண்ணீர் புகுந்த வீட்டை விட்டு நாம் கிளம்பியபோது, கொடுத்த அட்வான்ஸில் வர்ணம் பூசும் செலவு என்று ஒன்றரை மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரைக் கெடுத்தது புயல். அபராதம் கட்டியது நாம். ஆகையால் கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டும். படித்துப் புரியாவிட்டால் கேட்க வேண்டும்; கேட்டால் கோபித்துக்கொள்கிறவருடைய வீடு நமக்கு வேண்டியதில்லை.

எனவே, அருமைப் பிள்ளையே! நீ கேட்டது எந்த ஊர் என்று. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. எங்கே இருந்தாலும் உனக்குப் பட்டண வாசமே. ரயிலை ஒட்டி, கொரட்டூரிலிருந்து ஆவடி வரையில் தேடு. ஆனால் நீ மட்டும் வந்து வீட்டை முடித்துவிட்டுப் போகாதே. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வா. உன் தாயாரையும் அழைத்து வா. வாசலில் அவர் நின்று கேட்கும் முதல் கேள்விக்கு, சிரிக்காமல், பதில் கண்டுபிடி.

அந்த ரயில் பாதையிலேயே, ஆவடிக்கு அப்பால் இருக்கிறது திருநின்றவூர். பூசலார் நாயனார் வாழ்ந்த ஊர். கையில் பணமில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் கட்டினார். காஞ்சியில் மன்னன் பெரிய கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் வைத்தான். இரண்டு கோயிலுக்கும் ஒரே நாள் வாய்த்தது. அன்றைக்குப் பூசலார் கட்டிய கோயிலில் குடி புக வேண்டியிருக்கிறது, உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று இறைவன் மன்னன் கனவில் வந்து சொன்னான் என்பது வரலாறு. மன்னன் கோயிலுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கப் போகிறவரை ஒவ்வொரு கல்லிலும் நினைத்துக் கட்டியது பூசலார் கோயில்தான்.

வாடகை வீடு பார்க்கிற நமக்கும் அந்த யோசனை போதும். பூசலாருக்கு அட்வான்ஸ் தொல்லை இல்லை என்பது வேறு விஷயம்.